மருந்துக்கு அஞ்சு ஸ்டார், ஜன்னலுக்கு ரெண்டு: எங்க பக்கத்து அரசு ஆஸ்பத்திரி மருந்தகம்

நீலகிரில ஒரு தாலுகா ஊர்ல இருக்குற அரசு ஆஸ்பத்திரி, அதுல ஓ.பி. (வெளிநோயாளிங்க) மருந்தகம், அதுக்குத்தான் இந்த ரிவ்யூ. ஊர் பேர் சொல்லல. சொன்னா அந்த ஜன்னலுக்குப் பின்னாடி நிக்கிற ஒண்ணு ரெண்டு பேர் தலைலதான் போய் விடியும், அது எனக்கு வேண்டாம்.

எதுக்கு எழுதறேன்னா, மேப்ல அந்த ஆஸ்பத்திரிய தேடுனா வர்ற ரிவ்யூல ஒத்த ஸ்டார்தான் ஜாஸ்தி. அதுலயும் டாக்டர திட்டுறவங்க கம்மி, நர்ஸ திட்டுறவங்க கொஞ்சம், மருந்து குடுக்குறவங்கள திட்டுறவங்கதான் அதிகம். மூஞ்ச பாத்துப் பேசல, மாத்திரைய தூக்கிப் போடுறாங்க, ஒரு சந்தேகம் கேட்டா எரிஞ்சு விழறாங்க, இந்த மாதிரி. பொய்னு சொல்லமாட்டேன், நானே பாத்திருக்கேன். ஆனா நான் மாசாமாசம் அம்மாவுக்கு பிபி, சுகர் மாத்திரை வாங்க அந்த லைன்ல நிக்கிறவன், எங்க அண்ணி வேற மாவட்டத்துல இன்னொரு அரசு ஆஸ்பத்திரில மருந்தாளுநர், அதனால ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் தெரியும் அந்தப் பக்கமும் கொஞ்சம் தெரியும். ரெண்டையும் சேத்துப் பாத்து ரேட்டிங் போடலாம்னு.

மொதல்ல மருந்து. இதுல யோசிக்கவே வேண்டாம், அஞ்சுக்கு அஞ்சு. சுகருக்கு மெட்பார்மின், கிளிமிபிரைடு, பிபிக்கு லோசார்டன், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், அம்மாவுக்கு நாலும் வருசக்கணக்கா இங்கதான் வாங்குறோம், ஒத்த ரூபா செலவில்ல. பச்சை தேயிலைக்கு கெடைக்கிற வெலைய நம்பி குடும்பம் ஓட்டுறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விசயம்னு மலைல இருக்குறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. ஆனா எங்க ஊர்லயே ஒரு கோஷ்டி இருக்கு, அரசு மாத்திரைல பவர் இருக்காதுன்னு சொல்லிட்டு டவுன் மெடிக்கல்ல அதே மருந்த வேற பேர்ல காசு குடுத்து வாங்கிட்டு வரும். அவங்களுக்காகச் சொல்றேன். இந்த மாத்திரை எல்லாம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி அனுப்புறது, 1994-ல ஆரம்பிச்ச கழகம். மாநிலத்துக்கே வேணுங்கிற மருந்த டெண்டர் விட்டு மொத்தமா வாங்குறாங்க, அதனாலதான் அவ்ளோ சல்லிசா முடியுது. கம்பெனிலேருந்து சரக்கு மாவட்ட வேர்ஹவுஸுக்கு வந்ததும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிறாது, பேட்ச் பேட்ச்சா சாம்பிள் எடுத்து, எந்தக் கம்பெனின்னு லேபுக்குத் தெரியாத மாதிரி கோடு நம்பர் போட்டு அனுப்பி, பாஸ் ஆகி வந்தாதான் வெளிய விடுவாங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் இருக்கு, வருசத்துக்கு இவ்ளோன்னு தொகை வரவு வெச்சிருப்பாங்க, மருந்து எடுக்க எடுக்க அதுல கழிஞ்சிட்டே வரும். கேரளாவும் ராஜஸ்தானும் பின்னாடி இதே மாதிரி கழகம் ஆரம்பிச்சப்போ நம்ம ஊர் முறையத்தான் முன்னாடி வெச்சுப் பாத்தாங்க. அதனால பவர் இல்லங்கிற பேச்ச தயவுசெஞ்சு நிறுத்துங்க.

ஸ்டாக் இல்லாத நாளும் வரும், அதையும் சொல்லிடறேன். ஐப்பசி கார்த்திகைல மழை பிடிச்சு மேட்டுப்பாளையம் ரோட்ல மண்ணு சரிஞ்சா எல்லாமே தள்ளிப் போகுது, காய்கறி வண்டி நிக்கிற மாதிரி மருந்து வண்டியும் நிக்கும். அப்போ ‘வெளிய வாங்கிக்கோங்க’ன்னு சீட்டுல சுழிச்சுக் குடுப்பாங்க. 2025 பிப்ரவரி 24-ம் தேதி மாநிலம் முழுக்க 1000 முதல்வர் மருந்தகம் தொறந்தாங்கல்ல, பக்கத்துல ஒண்ணு இருந்தா அங்க போனா செலவு கொறையும்.

இப்போ ஜன்னல். ரெண்டு ஸ்டார், அதுவும் ஒண்ண மனசு கேக்காம சேத்துப் போட்டது.

ஜன்னல்னா நிஜமாவே ஜன்னல்தான். கண்ணாடி, அதுல கீழ அரைவட்டமா ஒரு ஓட்டை. நம்ம ஊர் பாட்டிங்க குனிஞ்சு அந்த ஓட்டை வழியா பேசணும், உள்ள இருக்குறவங்க குனிஞ்சு அதே ஓட்டை வழியா கேக்கணும். ரெண்டு பேரும் மாஸ்க் போட்டிருந்தா முடிஞ்சுது கதை. மேல தகரக் கூரை, ஆடி மழைல அது போடுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசுறதே கேக்காது. ஒரு மைக்கும் ஒரு குட்டி ஸ்பீக்கரும் வெச்சா தீர்ற பிரச்சினை, பஸ் டிக்கெட் ரிசர்வேசன் கவுண்டர்ல எல்லாம் வெச்சிருக்காங்க, இங்க ஏன் இன்னும் வரலன்னு தெரியல.

அதவிட முக்கியமா ஒண்ணு. கீழ கோயம்புத்தூர்ல எல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஆள் விட்டு விட்டு வந்துட்டே இருப்பாங்க. மலைல அப்படி இல்லங்க, இங்க கூட்டம் பஸ் கணக்குக்கு வரும். ஹட்டிங்கள்லேருந்தும் (படகர் ஊருங்களத்தான் ஹட்டின்னு சொல்லுவோம்) எஸ்டேட் பக்கத்துலேருந்தும் காலைல மொத பஸ் வந்து நிக்கும், இறங்குறதுல பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குத்தான். எல்லாரும் ஒண்ணா ஓ.பி. சீட்டு, ஒண்ணா டாக்டர், அப்புறம் ஒண்ணா வந்து மருந்தகத்துல முட்டுவாங்க. பதினோரு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது எப்போன்னு டிரைவருக்கே தெரியாது, எலை பறிக்கிறவங்களுக்கு அது அரை நாள் கூலி. அதனால ஜன்னல்ல நிக்கிற ஒரு அம்மா ‘இது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா’ன்னு கேட்டா போதும், பின்னாடி நிக்கிற முப்பது பேரும் உச்சு கொட்டுவாங்க. ‘அக்கா சீக்கிரம் வாங்க, பஸ்ஸு ஹாரன் அடிக்குது.’ எரிஞ்சு விழறது உள்ள இருக்குறவங்க மட்டும்னு எழுதறவங்க இதையும் சேத்து எழுதணும், லைன்ல நம்மளும் அதையேதான் பண்றோம். மே மாசம் வந்தா இன்னும் மோசம், மலர் கண்காட்சிக்கு வந்தவங்கள்ல வாந்தி, மூச்சுத் திணறல், கொழந்தைக்கு காய்ச்சல்னு ஒரு கூட்டம் கூடுதலா வந்து நிக்கும், உள்ள நிக்கிற ஆள் எண்ணிக்கை மட்டும் மார்கழிலயும் அதே, மே மாசத்துலயும் அதே.

ஒரு சீட்டுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவ கவனிச்சுப் பாருங்க. சீட்டுல அஞ்சு மருந்து இருக்கும். டாக்டர் கையெழுத்து எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டாம், மருந்தோட பொதுப் பேர, முடிஞ்சா பெரிய எழுத்துல, புரியற மாதிரி எழுதணும்னு 2016-லயே மருத்துவக் கவுன்சில் விதில திருத்தம் வந்தாச்சு, எழுத்து திருந்தல. அத படிச்சு, 1-0-1னா (காலைல ஒண்ணு, மதியம் இல்ல, ராத்திரி ஒண்ணு) முப்பது நாளைக்கு அறுபது, 1-0-0னா முப்பது, அரை மாத்திரைன்னா பதினஞ்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் மனக்கணக்கு போட்டு, அலமாரில கை நீட்டி எடுத்து, எது எக்ஸ்பைரி கிட்டக்க இருக்கோ அத மொதல்ல குடுக்கணும்ங்கிறதால தேதி பாத்து, கத்தரிக்கோலால ஸ்ட்ரிப்ப வெட்டி, ரிஜிஸ்டர்லயோ கம்ப்யூட்டர்லயோ ஏத்தி, ஓட்டை வழியா தள்ளி, எப்படிச் சாப்பிடணும்னு சொல்லணும். இது ஒருத்தருக்கு. பின்னாடி லைன் காம்பவுண்ட் கேட் வரைக்கும் நிக்குது. நடுவுல வார்டுலேருந்து இண்டென்ட் புக்கோட (வேணுங்கிற மருந்த எழுதிக் கேக்குற புக்) ஒரு ஆள் வருவாங்க, கேசுவால்டிலேருந்து ஒருத்தர் ‘அர்ஜென்ட்’னு உள்ள தலைய நீட்டுவாங்க, போன் அடிக்கும். இப்படி இடைஞ்சல் வர்ற நேரத்துலதான் மருந்து மாறிப் போறதுக்கு வாய்ப்பு அதிகம்னு அண்ணி சொல்லுவாங்க, அம்லோடிபின் எடுக்கப் போன கை அமிட்ரிப்டிலின் கிட்ட போயிரும்னு. ஒண்ணு பிபி மாத்திரை, இன்னொண்ணு மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் குடுக்குறது, ரெண்டும் ‘அம்’ல ஆரம்பிக்குது, பக்கத்துப் பக்கத்துல அடுக்கியிருந்தா அவ்ளோதான். உலக சுகாதார நிறுவனம் 2017-ல மருந்துல வர்ற தவறால ஏற்படுற கடுமையான பாதிப்ப அஞ்சு வருசத்துல பாதியா கொறைக்கணும்னு உலகம் முழுக்க ஒரு திட்டம் ஆரம்பிச்சதே இந்த மாதிரி தவறுகளாலதான்.

அண்ணிய பத்திக் கொஞ்சம் சொல்லணும். டி.பார்ம், அதாவது மருந்தாளுநர் டிப்ளமோ முடிச்சு, ரொம்ப வருசம் காத்திருந்து எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலமா வேலைக்கு வந்தவங்க. சேந்த புதுசுல வீட்டுக்கு வந்தா ஆஸ்பத்திரிக் கதையாத்தான் இருக்கும், இன்னைக்கு ஒரு தாத்தா வந்தாரு, அவரு இப்படிச் சொன்னாருன்னு. இப்போ பேசுறதில்ல. கேட்டா, “ஜன்னல்ல நிக்கிறது என் வேலைல பாதிதான் தம்பி, மீதி பாதி உங்க யாருக்கும் தெரியாது”ன்னாங்க. மெயின் ஸ்டோர், சப் ஸ்டோர், வார்டு இண்டென்ட், வேர்ஹவுஸுக்கு ஆன்லைன்ல இண்டென்ட் போடுறது, வண்டி வந்தா பெட்டி எண்ணி இறக்குறது, மார்பின் மாதிரி மருந்துக்கு தனி ரிஜிஸ்டர், ப்ரிட்ஜ்ல 2 டிகிரிலேருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கான்னு டெம்பரேச்சர் குறிக்கிறது, ஷார்ட் எக்ஸ்பைரி மருந்து இருந்தா வேற ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு ‘எடுத்துக்கிறீங்களா’ன்னு கேக்குறது, எக்ஸ்பைரி ஆயிருச்சுன்னா ஆடிட்ல நின்னு பதில் சொல்றது. ஜன்னல் மூடுனப்புறம்தான் இதெல்லாம் ஆரம்பிக்கும். அங்க ரெண்டு பேர் இருக்க வேண்டிய எடத்துல ஒருத்தர் டிரான்ஸ்பர்ல போயிட்டாரு, போஸ்ட் வேகன்ட், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலேருந்து வாரத்துல கொஞ்ச நாள் டெபுடேசன்ல, அதாவது தற்காலிகமா, ஒருத்தர் வருவாரு, அந்த நாள்ல அவரோட நெலையத்துல ஜன்னல் காலி. எங்க மலைலயும் இதே கதைதான்னு பேசிக்கிறாங்க. கீழேருந்து போஸ்டிங் வாங்கி மேல வர்றவங்களுக்கு குளிரு ஒத்துக்காது, சீசன் ஊர்ல வாடகை கட்டுபடியாகாது, ஹில் அலவன்ஸ் அதுக்குக் காணாது, டிரான்ஸ்பர் கவுன்சலிங் எப்போன்னு பாத்துட்டே இருப்பாங்க.

அண்ணிக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா வயித்த பிசையுமாம். தூக்கத்துல மாத்திரை எண்ணுறாங்கன்னு எங்க அண்ணன் சொல்றாரு. லீவு போட்டா அடுத்த நாள் ரெண்டு நாள் வேலை சேந்து நிக்கும்ங்கிறதால காய்ச்சலோட போவாங்க. இதுக்குத்தான் பர்ன் அவுட்னு பேர் வெச்சிருக்காங்க. 2019-ல உலக சுகாதார சபை ஏத்துக்கிட்ட ஐ.சி.டி. 11 நோய்ப் பட்டியல்ல இது வருது, ஆனா நோயா இல்ல, வேலையால வர்ற ஒரு நெலமைன்னுதான் போட்டிருக்காங்க. ரொம்ப நாள் சரி பண்ணாம விட்ட வேலை அழுத்தத்தால வர்றது, அதுக்கு மூணு அடையாளம்: ஒண்ணு ஒடம்பும் மனசும் காலியாயிர்றது, ரெண்டாவது வேலை மேல ஒரு வெறுப்பு, ஒரு விலகல், மூணாவது நம்ம செய்யறது எதுவும் உருப்படியா இல்லங்கிற நெனைப்பு. இத படிச்சப்புறம் மேப் ரிவ்யூவ திரும்பப் படிச்சேன். ‘மூஞ்ச பாத்துப் பேசல’, அது அந்த ரெண்டாவது அடையாளம். நம்ம அத திமிருன்னு நெனைச்சு ஒத்த ஸ்டார் போட்டுட்டு வந்துடறோம்.

அண்ணி ஆபீஸ்ல ஒருநாள் மன அழுத்தம் கொறைக்க பயிற்சின்னு கூப்ட்டாங்களாம். மூச்ச இழுத்து விடச் சொல்லிக் குடுத்திருக்காங்க, டீயும் சுண்டலும் நல்லாருந்துச்சாம். அன்னைக்கு இவங்க ஜன்னல்ல யாரு நின்னாங்கன்னு கேட்டேன். இன்னொரு டெபுடேசன். மூச்சுப் பயிற்சி தப்புன்னு சொல்லல, ஆனா வேகன்ட் போஸ்ட்ட மூச்சு விட்டு நிரப்ப முடியாதுல்ல.

சரி, எங்க ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வரேன். அங்க இருக்குற மேடத்துக்கு நாலு ஸ்டார். ஏன்னு ஒரு சம்பவம் சொல்றேன்.

முன்னாடி அம்மாவுக்கு பிபிக்கு எனலாபிரில் எழுதியிருந்தாங்க. அது ஆரம்பிச்சதுலேருந்து வறட்டு இருமல். நாங்க குளிருன்னு நெனைச்சோம், அப்புறம் அடுப்புப் புகைன்னு நெனைச்சோம், மிளகு கஷாயம், இருமல் டானிக், எல்லாம் பாத்தாச்சு. ஒருநாள் செம மழை, கீழ எங்கயோ மரம் விழுந்து பஸ் ஓடல, நாங்க ஊர்க்காரங்க ஜீப்ல வந்துட்டோம், ஆஸ்பத்திரி காலியா கெடந்துச்சு. மருந்தக ஜன்னல்ல எங்களத் தவிர ஆளே இல்ல. அந்த மேடம் சீட்ட பாத்தாங்க, அம்மா இருமறத பாத்தாங்க, “எத்தன நாளா இருமுறீங்கம்மா? சளி வருதா? ராத்திரி படுத்தா ஜாஸ்தியா?”ன்னு கேட்டாங்க. மாத்திரை எடுக்கவே இல்ல, சீட்ட திருப்பிக் குடுத்து “இந்த மாத்திரையாலயே சிலருக்கு வறட்டு இருமல் வரும், டாக்டர்கிட்ட போய் இத சொல்லுங்க, மருந்தகத்துல சொன்னாங்கன்னே சொல்லுங்க”ன்னாங்க. டாக்டரும் கேட்டுட்டு லோசார்டன் மாத்திக் குடுத்தாரு. கொஞ்ச வாரத்துல இருமல் போயே போச்சு. அதே மேடம் கைலதான் அதுக்கு முன்னாடி எத்தனையோ மாசம் அதே எனலாபிரில வாங்கியிருக்கோம், அப்பல்லாம் அவங்க நிமுந்தே பாத்ததில்ல, ஏன்னா பின்னாடி பஸ்ஸு ஹாரன் அடிச்சிட்டிருந்துச்சு. தெரியாம இல்ல, கேக்க நேரம் இல்ல.

நோயாளிக்கு மருந்த பத்தி எடுத்துச் சொல்றது மருந்தாளுநர் வேலைன்னு 2015-ல வந்த மருந்தியல் நடைமுறை விதிகள்லயே இருக்கு. 1948 மருந்தியல் சட்டமும் பதிவு பண்ண மருந்தாளுநர் தவிர வேற யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து குடுக்கக் கூடாதுன்னுதான் சொல்லுது. சட்டம் எதுக்கு இவ்ளோ மெனக்கெட்டு ஒரு படிச்ச ஆள அங்க நிக்க வைக்குது, எண்ணி வெட்டிக் குடுக்கவா? அதுக்கு ஒரு மெசின் போதும். அந்த ரெண்டு நிமிசப் பேச்சுக்குத்தான் ஆள வெச்சிருக்கு, கூட்டம் மொதல்ல சாப்பிடறது அந்த ரெண்டு நிமிசத்தத்தான்.

அது போனா என்ன ஆகும்னு எங்க வீதிலயே பாக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா இன்சுலின ப்ரீசர்ல வெச்சிருந்தாங்க, ‘ஜில்லுன்னு வெக்கணும்’னு மட்டும் காதுல விழுந்திருக்கு. ஒறைஞ்ச இன்சுலின் வேலைக்கு ஆகாது, உருகுனாலும் ஆகாது, தூக்கிப் போடத்தான் வேணும். நம்ம ஊர் குளிருக்கு, குத்த ஆரம்பிச்ச பாட்டில ப்ரிட்ஜ்ல கூட வெக்க வேண்டியதில்ல, வெயில் படாத அலமாரில ஏறக்குறைய நாலு வாரம் வெச்சுக்கலாம், தொறக்காத பாட்டில்தான் ப்ரிட்ஜ்ல, அதுவும் ப்ரீசர் தட்ட ஒட்டி வெக்கக் கூடாது. தை மாசப் பனில ஜன்னலோரம் வெச்சா ப்ரிட்ஜுக்கு வெளியவே ஒறையறதுக்கும் வாய்ப்பிருக்கு. அடுத்து சிரிஞ்சு, இதுவும் முக்கியம். அரசு ஆஸ்பத்திரில பொதுவா குடுக்குற பாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கணக்கு, அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்சு. வெளிய மெடிக்கல்ல ஆரஞ்சு மூடி வாங்கிட்டு வந்தா அது 100 யூனிட் கணக்கு, கோடு மாறுது, டோஸே மாறிப் போயிரும். கிளிமிபிரைடு சாப்பாட்டுக்கு முன்னாடி, மெட்பார்மின் சாப்பாட்டோட இல்லனா சாப்பிட்டு, ஆனா ரெண்டையும் ஒரே கவர்ல போட்டு ‘காலை’ன்னு ஒரு டிக் அடிச்சா பாட்டிக்கு என்ன தெரியும்?

இன்னொரு கூத்து மாத்திரையோட கலர். டெண்டர்ல கம்பெனி மாறுனா ஸ்ட்ரிப் மாறும், சில நேரம் மாத்திரை கலரும் மாறும். எழுதப் படிக்கத் தெரியாதவங்க கலர வெச்சுத்தான் ஞாபகம் வெச்சிருப்பாங்க, ரோஸ் மாத்திரை பிபிக்கு, வெள்ளை பெருசு சுகருக்குன்னு. கலர் மாறுன மாசம் ‘இது வேற மருந்து போலருக்கு’ன்னு பழசையும் புதுசையும் சேத்துச் சாப்பிட்டு தலை சுத்தி விழுந்தவங்க உண்டு, ‘இது என்னோடது இல்ல’ன்னு சாப்பிடாம விட்டவங்களும் உண்டு. கம்பெனி மாறிருக்கு, மருந்து அதேதான்னு ஒரு வரி சொன்னா போதும். எங்க மலை மொழியான படகா மட்டும் பேசுற பாட்டி, பணியர் பழங்குடி வீட்டு அம்மா, இவங்ககிட்ட அந்த ஒரு வரிய சேலத்துலேருந்தோ திருநெல்வேலிலேருந்தோ வந்த ஒருத்தர் எப்படிச் சொல்லுவாரு, அதுவும் அரைவட்ட ஓட்டைல?

மேடத்துக்கு ஒரு ஸ்டார் கொறைச்சது இதுலதான். ஒரு இருளர் வீட்டு வயசான அம்மா, திரும்பத் திரும்ப ஏதோ கேட்டாங்க, மேடம் சத்தம் போட்டுட்டாங்க, “எத்தன தடவ சொல்றது, போங்க”ன்னு. அந்தம்மா மாத்திரைய முந்தானைல முடிஞ்சுகிட்டு பேசாம போயிட்டாங்க. திரும்பி வருவாங்களான்னு தெரியல. மேடத்துக்கு எவ்ளோ வேலைன்னு எனக்குத் தெரியும், மேல அத்தனையும் நானேதான் எழுதியிருக்கேன், ஆனாலும் அந்தச் சத்தம் விழுந்தது அந்த லைன்லயே திருப்பிக் கேக்க முடியாத ஒருத்தர் மேல. எனக்கோ இல்ல டவுன் கடைக்காரருக்கோ அந்தச் சத்தம் வராது. காரணம் புரியுது, ஸ்டார் குடுக்க முடியல.

வீட்டுக்கே மருந்து வர்ற திட்டம் இருக்கேன்னு கேப்பீங்க. மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட் 5-ல ஆரம்பிச்சது, நல்ல திட்டம், எங்க அத்தைக்கு பிபி மாத்திரை ஹட்டிக்கே வருது, மலைல பஸ் செலவும் ஒருநாள் கூலியும் மிச்சம். லைனும் அந்த அளவுக்கு கொறையுது. ஆனா அந்த மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு மருந்தாளுநர் எண்ணிக் கணக்கு எழுதிக் குடுத்துதான் வெளிய போகணும், அதனால வேலை ஜன்னல்லேருந்து மேசைக்கு மாறுது, ஆளு கூடல.

ஆஸ்பத்திரிக்காரங்க இத படிச்சா கேக்குறது ரொம்பச் சின்னதுதான். மைக் ஒண்ணு. வார்டு இண்டென்ட்டுக்கு தனி நேரம், ஓ.பி. ஓடுற நேரத்துல யாரும் உள்ள தலைய நீட்டக் கூடாது. உக்காற ஒரு ஒயரமான ஸ்டூல், காலைலேருந்து நின்னுட்டே இருக்காங்க. படகாவும் பணியர் பேச்சும் தெரிஞ்ச ஒரு ஆள கவுண்டர் பக்கத்துல நிக்க வைங்க, மருந்து படிச்சவரா இருக்கணும்னு இல்ல, மேடம் சொல்றத எடுத்துச் சொன்னாப் போதும். ரெண்டாவது மருந்தாளுநர் போஸ்ட்ட நிரப்புறது இவங்க கைல இல்லன்னு தெரியும், அது மேல இருக்குறவங்களுக்கு.

நம்ம ஆளுங்களுக்கு: மொத பஸ் கூட்டத்தோட போகாதீங்க, முடிஞ்சா ஒன்பதரைக்கு மேல பத்தேகாலுக்குள்ள ஒரு தொய்வு வரும், அப்போ போனா மேடம் நிமுந்து பாப்பாங்க. சுகர் பிபி கிளினிக் நாள்ல காய்ச்சல் சளிக்குப் போய் மாட்டாதீங்க. பழைய ஸ்ட்ரிப்ப தூக்கிப் போடாம கையோட கொண்டு போங்க, கலர் மாறியிருந்தா காட்டி ‘அதேதானா’ன்னு கேளுங்க, இத கேக்க மூணு செகண்ட் போதும். வெட்டிக் குடுத்த ஸ்ட்ரிப்ல பேரும் எக்ஸ்பைரியும் வெட்டுல போயிருக்கும், அதனால முழு ஸ்ட்ரிப்ப கடைசியா வெச்சுக்கிட்டு துண்டு ஸ்ட்ரிப்ப மொதல்ல சாப்பிட்டு முடிங்க. ஏற்கனவே வேற டாக்டர்கிட்ட சாப்பிடற மாத்திரை இருந்தா அந்தச் சீட்டையும் சேத்து நீட்டுங்க. கேள்வி ரெண்டுக்கு மேல இருந்தா லைன் முடியற வரைக்கும் பக்கத்து பெஞ்சுல உக்காந்துட்டு அப்புறமா போய்க் கேளுங்க, நான் அப்படித்தான் பண்றேன், ஒருதடவகூட வெரட்டல. பின்னாடி நிக்கிறப்போ உச்சு கொட்டாதீங்க.

அப்டேட்: போன மாசம் போனப்போ முதியோருக்குன்னு போர்டு மாட்டி ரெண்டாவது ஜன்னல் ஒண்ணு தொறந்திருக்காங்க. ஆளு அதே மேடம்தான், இங்க நாலு பேருக்குக் குடுத்துட்டு அங்க நாலு பேருக்குக் குடுக்க நடந்துட்டே இருக்காங்க. அதனால எந்த ஜன்னல்ல நின்னாலும் ஒண்ணுதான், வெயில் விழற பக்கமா பாத்து நில்லுங்க.